அச்சுப்பொறியும் அதன் துபாஷியும்

நேற்றுவரை அரைத்த அம்மி இன்று அரைக்க மறுப்பதில்லை. நேற்று வெட்டிய கத்தி இன்று வெட்டாமற் போவதில்லை, மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம். பழுது யாதும் இல்லாத கருவி ஓர் இரவிற்குள் பயனற்றுப் போவது, கணினியோடு இணைந்த அச்சுப்பொறிக்கு வாய்த்த தனி விதியாகும்.

2025 அக்டோபர் 14 ஆம் நாளோடு விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்து வந்த வழக்கமான ஆதரவு முடிவுற்றது. அதனையொட்டி அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் எண்ணற்ற கணினிகள் புதிய தளத்திற்கு மாறின. மாறிய மறுநாள் தேர்வுத்தாளை அச்சிட அமரும் ஆசிரியரை எண்ணிப் பாருங்கள். ஆணை கொடுக்கிறார். அச்சுப்பொறியில் விளக்கு எரிகிறது, தாள் இருக்கிறது, மையும் இருக்கிறது. அச்சு மட்டும் வரவில்லை. சில வேளைகளில் வரத்தான் செய்கிறது. ஆனால் வினாக்களுக்கு மாறாகப் பொருளற்ற குறிகள் பக்கம் பக்கமாய்க் கொட்டுகின்றன. மணி அடிக்க இன்னும் சிறிது நேரமே உண்டு. ‘பொறி கெட்டுவிட்டது’ என்று தீர்ப்பளித்து, புதியதொன்று வாங்கப் பள்ளி வாரியத்திற்கு விண்ணப்பம் எழுதிவிடுவோரும் உளர். உள்ளபடி நோக்கினால் அப்பொறியில் ஓர் ஆணிகூடக் கழன்றிராது.

கணினிக்கும் அச்சுப்பொறிக்கும் இடையே நின்று ஒன்றன் பேச்சை மற்றொன்றுக்கு எடுத்துரைக்கும் நிரலை ஆங்கிலத்தில் ‘டிரைவர்’ என்பர். தமிழில் ‘இயக்கி’ என வழங்குகிறோம். இரு சொல்லும் வண்டியோட்டியை நினைவூட்டுவனவேயன்றி, அந்நிரல் செய்யும் தொழிலைக் காட்டுவன அல்ல. தொழிலை நோக்கின் அதற்குப் பொருந்திய பெயர் நம்மிடம் முன்னரே உண்டு. அதுதான் ‘துபாஷி’. இரு மொழி அறிந்தவன் என்னும் பொருளுடைய வடசொல்லின் திரிபு இது. புதுச்சேரியில் டூப்ளே ஆட்சி புரிந்த காலத்தில் தலைமைத் துபாஷியாக விளங்கியவர் நாட்குறிப்பால் புகழ்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளை. அவர் 1761 ஜனவரியில் மறைந்த சில நாட்களுக்குள் அந்நகர் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. அத்தகைய ஆட்சி மாற்றத்தில், பிரெஞ்சும் தமிழும் மட்டுமே அறிந்த துபாஷி ஒருவனின் நிலை யாதாகும்? வணிகர் இருப்பார், சரக்கு இருக்கும், ஆளுநரும் இருப்பார். ஆயினும் பேச்சு நடவாது. இயங்குதளம் என்பது கணினியின் ஆட்சி. அது மாறுங்கால் நேர்வது இதுவே.

அங்ஙனமாயின் புதிய துபாஷி ஒருவனை அமர்த்திக்கொண்டால் போயிற்றே என வினவலாம். இடர் அங்கேதான் உள்ளது. அச்சுப்பொறியின் மொழியை அறிந்தவர் பெரும்பாலும் அதனைச் செய்தவர் ஒருவரே. அவர் அதை வெளியிடாது வைத்துக்கொண்டால், அவர் மனம் வைத்தாலன்றிப் புதிய துபாஷி பிறத்தல் அரிது. பத்தாண்டுகளுக்கு முன் விற்றுப் பணம் பெற்றுவிட்ட பொறிக்காக இன்று மீண்டும் உழைப்பதில் அவர்க்கு ஊதியம் யாது? அச்சுப்பொறிகளின் கடந்த நாற்பத்தைந்து ஆண்டு வரலாறு இந்த ஒரு முடிச்சைச் சுற்றியே செல்கின்றது.

ஒரு குறி, இரு பொருள்

1970 இல் அமெரிக்காவின் சென்ட்ரானிக்ஸ் நிறுவனம் புள்ளி அச்சுப்பொறி ஒன்றை வெளியிட்டது. அந்நிறுவனம் பின்னர் மங்கிப் போயினும், அதன் பொறியைக் கணினியோடு இணைத்த தடித்த கம்பிவடம் பல்லாண்டுகள் எல்லார்க்கும் பொதுவாக நிலைத்தது. வடம் பொதுவாயிற்றேயன்றி, அதன் வழியே சென்ற மொழி பொதுவாகவில்லை.

1980 இல் ஜப்பானின் எப்சன் நிறுவனம் எம்.எக்ஸ்.-80 என்னும் பொறியைக் கொணர்ந்தது. (1968 இல் வெளிவந்த இ.பி.-101 என்னும் சிறு அச்சுப்பொறியின் ‘மகன்’ என்பதே எப்சன் என்ற பெயரின் பொருள் என அந்நிறுவனத்தாரே கூறுவர்.) 1981 இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டபோது, இதே எப்சன் பொறியைத் தன் பெயர் பொறித்து உடன் விற்றது. ஆதலின் எப்சன் பேசிய மொழி சிறுகணினி உலகில் விரைந்து பரவியது.

அம்மொழி எத்தகையது? எழுத்து ஒவ்வொன்றிற்கும் ஓர் எண் உண்டு. எண் வந்ததும் பொறி அந்த எழுத்தைத் தாளில் பதிக்கும். எழுத்தாகாத எண்களும் சில உண்டு. அவற்றுள் தலையாயது 27. அவ்வெண் வந்தால், ‘அடுத்து வருவது எழுத்தன்று, கட்டளை’ என்று பொறி உணர்ந்துகொள்ளும். எப்சன் பொறிக்கு 27 ஐ அனுப்பி அதன்பின் ‘ஈ’ என்னும் ஆங்கிலப் பெரிய எழுத்தை அனுப்பினால், ‘இனி வரும் எழுத்துகளைத் தடித்து அச்சிடுக’ என்பது பொருள். 1984 இல் ஹியூலட் பேக்கர்ட் நிறுவனம் லேசர்ஜெட் என்னும் பொறியைக் கொணர்ந்தது. அங்குல நீளத்தில் 300 புள்ளிகள் பதிக்க வல்ல அதன் விலை 3,495 டாலர். அதனிடமும் அதே 27 ஐயும் அதே ‘ஈ’ எழுத்தையும் அனுப்பலாம். ஆனால் அதன் மொழியில் அதற்குப் பொருள், ‘இதுவரை கேட்ட கட்டளைகள் அனைத்தையும் மறந்து தொடக்க நிலைக்குத் திரும்புக’ என்பதாகும். தலைப்பைத் தடித்த எழுத்தில் கேட்டவர்க்குப் பொறியின் நினைவையே துடைத்தெறியும் கட்டளை சென்று சேரும். ஒரே ஒலி இரு மொழிகளில் இரு பொருள் தருவதை மொழியாசிரியர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

அக்காலத்து இயங்குதளமான எம்.எஸ்.-டாஸ் இக்குழப்பத்தில் தலையிடவே இல்லை. அச்சிடும் பொறுப்பு முழுவதும் அந்தந்த நிரலின் தலையில் விழுந்தது. வேர்ட்பெர்பெக்ட் என்னும் எழுத்துநிரலைச் செய்தவர்கள் நூற்றுக்கணக்கான அச்சுப்பொறிகளுக்குத் தாமே துபாஷிகளை எழுதி வட்டுகளில் நிரப்பிக் கொடுத்தனர். அந்நிரல் பெரும் பெயர் பெற்றமைக்கு அதுவும் ஒரு காரணம். கணக்கு நிரல் வேண்டுமெனில் அதற்குத் தனித் துபாஷி. தகவல் நிரலுக்கு இன்னொரு துபாஷி. பெரும் வீண் உழைப்பு என்பதில் ஐயமில்லை. எனினும் அவ்வேற்பாட்டில் ஒரு நன்மை மறைந்திருந்தது. டாஸின் ஒரு பதிப்பிலிருந்து மறு பதிப்பிற்கு மாறியவர்க்கு அச்சுப்பொறி பொதுவாக நின்றுபோகவில்லை. துபாஷி அரசனின் ஊழியனாக இராமல், குடிமகனின் வீட்டு ஊழியனாக இருந்தான்; அரசன் மாறியது அவனுக்கு ஒரு பொருட்டன்று.

எல்லாரும் பேசத்தக்க ஒரு மொழி

ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் பணியாற்றிய ஜான் வார்னாக், சார்லஸ் கெஷ்கி என்னும் இருவர், பொறிக்குப் பொறி மாறாத பக்க மொழி ஒன்றை வகுக்கலாம் என்று கண்டனர். அவர்கள் செய்ததை அந்நிறுவனம் உடனே வெளியிட முன்வரவில்லை. 1982 டிசம்பரில் இருவரும் வெளியேறி அடோபி நிறுவனத்தை நிறுவினர். அங்கு உருவானது போஸ்ட்ஸ்கிரிப்ட். இது கட்டளைக் குறிகளின் பட்டியலன்று. இலக்கணம் உடைய முழு நிரல்மொழி. ‘இப்புள்ளியிலிருந்து அப்புள்ளிக்கு இத்தகைய வளைவு வரைக, அதனுள் மை நிரப்புக’ என்று அதில் எழுதலாம். எழுதியதைப் படித்துப் புரிந்துகொண்டு புள்ளிகளாக்கும் அறிவு அச்சுப்பொறிக்குள்ளேயே அமைந்திருக்கும்.

அறிவுக்கு விலை உண்டு. 1985 இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட லேசர்ரைட்டர் 6,995 டாலருக்கு விற்றது. அதனுள் இருந்த செயலி நொடிக்கு 1 கோடியே 20 இலட்சம் துடிப்புகளில் ஓடியது. அதற்குக் கட்டளையிட்ட மெக்கின்டாஷ் கணினியின் செயலியோ ஏறத்தாழ 80 இலட்சத்தில் ஓடியது. ஆசானைவிடச் சீடன் விரைவாய்ச் சிந்தித்த வேடிக்கை இது. ஆயினும் அந்த விலை வீண்போகவில்லை. போஸ்ட்ஸ்கிரிப்ட் அறிந்த பொறிக்குத் துபாஷி ஏறக்குறைய தேவையே இல்லை. தாளின் அளவு, தட்டுகளின் எண்ணிக்கை போன்ற விவரங்களைச் சொல்லும் சிறு எழுத்துக்கோப்பு ஒன்று போதும். அக்கோப்பை எவரும் திறந்து படிக்கலாம். ஆட்சி எத்தனை முறை மாறினும் அது செல்லும். இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு இச்செய்தி வேண்டியதாதலின் வாசகர் நினைவிற்கொள்க.

தாள் சிக்கிய கதை

ஏறத்தாழ இதே காலத்தில் வேறோர் அச்சுப்பொறி, உலகக் கணினி வரலாற்றையே ஓரளவு திருப்பிவிட்டது. 1980 ஐ ஒட்டி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துச் செயற்கை அறிவு ஆய்வுக்கூடத்திற்கு ஜெராக்ஸ் நிறுவனம் லேசர் அச்சுப்பொறி ஒன்றை அன்பளிப்பாக அளித்தது. விரைவில் அச்சிடும், ஆனால் தாள் அடிக்கடி சிக்கும். பொறி இருந்ததோ வேறோர் இடத்தில். ஒரு மணி நேரம் காத்திருந்து போய்ப் பார்த்தால், முதற்பக்கத்திலேயே தாள் சிக்கி நின்றிருக்கும். ஆய்வுக்கூடத்தின் பழைய பொறிக்கும் இக்குறை இருந்தது. அதன் மூலநிரல் கையில் இருந்தமையால், ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் நிரலர் அதனைத் திருத்தி, தாள் சிக்கியவுடன் காத்திருப்போர் அனைவர்க்கும் செய்தி போகுமாறு செய்திருந்தார். புதிய பொறிக்கும் அவ்வாறே செய்ய விரும்பினார். மூலநிரல் தரப்படவில்லை. கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் அந்நிரலை வைத்திருந்த ஆய்வாளர் ஒருவரை நேரில் கண்டு கேட்டார். எவர்க்கும் தருவதில்லை என்று நிறுவனத்திற்கு வாக்களித்துவிட்டதாகக் கூறி அவர் மறுத்தார்.

ஸ்டால்மன் இதனை மறக்கவில்லை. 1983 செப்டம்பரில் அவர் அறிவித்த ‘க்னூ’ என்னும் கட்டற்ற நிரல் இயக்கத்திற்குரிய காரணங்களுள் ஒன்றாக இந்நிகழ்ச்சியை அவரே பின்னாளில் பலமுறை எடுத்துரைத்துள்ளார். அவ்வியக்கத்தின் கருவிகளும், 1991 இல் பின்லாந்தின் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கருவும் சேர்ந்தே இன்று லினக்ஸ் தளங்களாக வழங்குகின்றன. துபாஷியின் மொழியேட்டை ஒருவர் பூட்டி வைத்ததன் விளைவு எங்குச் சென்று முடிந்தது, பாருங்கள்.

மலிவின் விலை

1990 இல் வெளிவந்த விண்டோஸ் 3.0 பதிப்போடு டாஸ் காலத்து வழக்கம் பொதுமக்களிடையே மாறத் தொடங்கிற்று. இனி ஒவ்வொரு நிரலும் தனித்தனித் துபாஷியை வைத்துக்கொள்ள வேண்டுவதில்லை. நிரல்கள் யாவும் இயங்குதளத்திடம் வரைந்து காட்டும். இயங்குதளம் தன்னிடமுள்ள ஒரே துபாஷியின் வழியே அச்சுப்பொறிக்கு உரைக்கும். சிறந்த ஒழுங்கு, நூற்றுக்கணக்கான நிரலர்களின் உழைப்பு மிச்சமாயிற்று. ஆனால் துபாஷி அன்று முதல் அரசனின் ஊழியனானான். அரசன் மாறும் போதெல்லாம் அவன் பிழைப்பும் ஆட்டங்கண்டது.

இதன்மேல் இன்னொரு தீங்கு வந்து சேர்ந்தது. அதனைத் தீங்கு என அன்று எவரும் கருதவில்லை. விலை குறைந்தது என்றே மகிழ்ந்தனர். கணினிகளின் விரைவு கூடக்கூட, ‘பக்கத்தைப் புள்ளிகளாக்கும் வேலையைக் கணினியே செய்துவிடுமே, அச்சுப்பொறிக்குள் அறிவு எதற்கு?’ என்று தயாரிப்பாளர் எண்ணினர். 1990களின் நடுப்பகுதி முதல் மொழியறியாப் பொறிகள் சந்தையில் குவிந்தன. ‘விண்டோஸ் அச்சுப்பொறி’ என்றே அவற்றைக் குறிப்பிடுவர். போஸ்ட்ஸ்கிரிப்டும் அறியா, ஹியூலட் பேக்கர்டின் மொழியும் அறியா. கணினி ஆக்கித் தரும் புள்ளிக்கூட்டத்தை வாங்கித் தாளில் ஒற்றுவது ஒன்றே அவற்றின் தொழில். அப்புள்ளிகளைக் கட்டி அனுப்பும் முறையும் நிறுவனத்திற்கு நிறுவனம் வேறு, வெளியில் சொல்லப்படாதது. இத்தகைய பொறியின் துபாஷி வெறும் மொழிபெயர்ப்பாளன் அல்லன். பொறியின் மூளையே அவன்தான். அவன் போனால் எஞ்சுவது நெகிழிப்பெட்டி.

கடையில் இரு பொறிகளைப் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்ப்பவர்க்கு இவ்வேறுபாடு கண்ணிற்படாது. விலைச்சீட்டில் மட்டும் தெரியும். சிக்கனம் கருதி மலிவானதை வாங்கிய பள்ளிகளும் சிறு அலுவலகங்களும் சில ஆண்டுகள் கழித்து இயங்குதளம் மாறியபோது மிச்சத்தைச் செலுத்தின.

ஆட்சி மாற்றங்கள்

விண்டோஸ் என்னும் பெயரில் இரு வேறு குடிகள் இருந்தன என்பது பலர் அறியாதது. வீட்டுக் கணினிகளுக்குரிய 95, 98 என்னும் வரிசை ஒன்று. 1993 இல் தொடங்கிய என்.டி. என்னும் வரிசை மற்றொன்று. ஒன்றன் துபாஷி மற்றொன்றில் செல்லான். 2001 இல் எக்ஸ்.பி. பதிப்பு வந்தபோது வீட்டு வரிசை நின்றது, எல்லாரும் என்.டி. குடியில் சேர்க்கப்பட்டனர். 98 இல் நன்கு அச்சிட்ட பொறிகள் பல எக்ஸ்.பி.யில் ஊமையானது இதனால்தான்.

அக்குடியினுள்ளேயும் துபாஷியின் இருக்கை இடம் மாறிற்று. 1996 இல் என்.டி. 4.0 பதிப்பை உருவாக்கியோர் விரைவு கருதி, அச்சுத் துபாஷியை இயங்குதளத்தின் கருவறைக்குள்ளேயே அமரச் செய்தனர். கருவறையில் இருப்பவன் தடுமாறினால் கோபுரமே சரியும். அயலார் எழுதிய ஓர் அச்சு நிரலில் ஒரு சிறு பிழை இருந்தால் போதும். கணினி முழுவதும் நீலத்திரை காட்டி நின்றுவிடும். அடுத்த பதிப்பான விண்டோஸ் 2000 துபாஷியை வெளியே அமர வழி செய்தது. 2007 ஜனவரியில் பொதுமக்களுக்கு வந்த விஸ்டா, கருவறைத் துபாஷிகளை அறவே விலக்கியது. முறையான சீர்திருத்தமே. ஆயினும் பழைய பொறியை வைத்திருந்தோர்க்கு அது இன்னொரு கதவடைப்பு.

அடுத்து வந்தது 64 பிட் மாற்றம். இங்கு ஆசிரியர் பலரும் மயங்குவதுண்டு. ‘பழைய நிரல்கள் யாவும் புதிய கணினியில் ஓடுகின்றனவே, அச்சுப்பொறி மட்டும் ஏன் இணங்கவில்லை?’ என்பர். 64 பிட் விண்டோஸ் 32 பிட் நிரல்களை ஓடவிடும் என்பது உண்மை. துபாஷிகளுக்கு மட்டும் அச்சலுகை இல்லை. அவன் 64 பிட்டிற்கென எழுதப்பட்டவனாகவே இருத்தல் வேண்டும். ஆப்பிள் உலகமும் இதற்கு விலக்கன்று. 2001 இல் மேக் ஓ.எஸ். டென் வந்தபோது பழைய தளத்தின் துபாஷிகள் கைவிடப்பட்டன. 2019 இல் வந்த கட்டலீனா பதிப்பு 32 பிட் நிரல்களை முற்றும் நிறுத்தியபோது, அவற்றை நம்பியிருந்த அச்சு நிரல்களும் உடன் நின்றன.

தமிழ் எழுத்து பட்ட பாடு

தமிழில் அச்சிட்டோர்க்கு இத்தொல்லை இருமடங்காயிற்று. புள்ளி அச்சுப்பொறியின் உள்ளே பதிந்திருந்தவை உரோமன் எழுத்துகள். தமிழுக்கு அங்கு இடமில்லை. ஆதலின் ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் படமாகக் கருதி, புள்ளி புள்ளியாக அனுப்ப வேண்டியிருந்தது. ஆங்கிலக் கடிதம் ஓடி முடியும் நேரத்தில் தமிழ்க் கடிதம் ஊர்ந்துகொண்டிருக்கும்.

1990களில் எழுத்துருக்கள் பெருகின. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி ‘கணியன்’ முறையையும், மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு’ மென்பொருளையும் உருவாக்கியளித்தனர். அக்காலத்து எழுத்துருக்கள் பல, உரோமன் எழுத்துகளின் எண்களிலேயே தமிழ் வடிவங்களை அமர்த்தியிருந்தன. கணினி ‘ஏ’ என்னும் ஆங்கில எழுத்தின் எண்ணை அனுப்பும்; எழுத்துரு உடன் சென்றால் தாளில் தமிழ் எழுத்து விழும். துபாஷி விரைவை நாடி, ‘இவ்வெழுத்துரு பொறியினுள்ளேயே உள்ளது’ என்று தவறாகக் கருதிவிட்டால், திரையில் திருக்குறளாய் நின்றது தாளில் உரோமன் எழுத்துக் குவியலாய் விழும். இயங்குதளம் மாறி, எழுத்துருவை மீண்டும் நிறுவ மறந்தவர்க்கும் இதே கதிதான். அச்சுப்பொறியைப் பலர் திட்டினர். அது செய்த குற்றம் யாதுமில்லை.

1997 இல் சிங்கப்பூரில் கூடிய தமிழிணைய மாநாடும், 1999 இல் சென்னையில் கூடியதும் எழுத்து முறைகளின் குழப்பத்தைக் களைய முயன்றன. அதே 1999 இல் கோவிந்தசாமி மறைந்தது பேரிழப்பு. விண்டோஸ் 2000 பதிப்பு யூனிகோடு முறையில் தமிழை ஏற்று, ‘லதா’ என்னும் எழுத்துருவையும் உடன் கொணர்ந்தது. உயிர்மெய்யைச் சேர்ப்பதும் கொம்பை முன்னால் நிறுத்துவதும் இயங்குதளத்தின் வேலையாயின. துபாஷிக்கு முடிந்த வடிவங்களே வந்து சேர்கின்றன. அவனுக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டுவதில்லை. மொழியைத் துபாஷியின் கையிலிருந்து மீட்ட அந்த மாற்றம் இன்றுவரை நின்று பயன் தருகிறது.

துபாஷியின்றிப் பேச்சு

1988 இல் பீட்டர் டாய்ச் என்பவர் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் நிரலை வெளியிட்டார். போஸ்ட்ஸ்கிரிப்டைப் படித்துப் புள்ளிகளாக்கும் அறிவை இது கணினிக்கே தந்தது. அதனால் மொழியறியாப் பொறிகளும் லினக்ஸ் போன்ற தளங்களில் உயிர் பெற்றன. சில பொறிகளின் மறைமொழியை ஆர்வலர்கள், கம்பிவடத்தில் செல்லும் எண்களைக் கண்டு ஆராய்ந்தே படித்தறிந்தனர். மறைந்துபோன எழுத்துகளைக் கல்வெட்டறிஞர் படிப்பது போன்ற உழைப்பு அது. அமெரிக்கரான மைக்கேல் ஸ்வீட் 1997 இல் தொடங்கி 1999 இல் வெளியிட்ட ‘கப்ஸ்’ என்னும் அச்சு ஏற்பாடு இவற்றையெல்லாம் ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்தது. 2002 இல் ஆப்பிள் தன் மேக் தளத்திற்கு அதனையே தழுவிக்கொண்டது; 2007 இல் அதன் உரிமையை வாங்கி, ஸ்வீட்டையும் பணியில் அமர்த்திக்கொண்டது.

1999 இல் வேறொன்றும் நிகழ்ந்தது. பல நிறுவனத்தார் கூடி வகுத்த ‘இணைய அச்சு நெறி’ அவ்வாண்டு வெளியாயிற்று. ஐ.பி.பி. என்பது அதன் சுருக்கப் பெயர். அதன்படி கணினி பொறியை நோக்கி, ‘நீ யார்? என்ன தாள் வைத்திருக்கிறாய்? வண்ணம் உண்டா? இரு பக்கமும் அச்சிடுவாயா?’ என்று வினவும். பொறி தானே விடையிறுக்கும். பக்கத்தின் படமும் எல்லார்க்கும் பொதுவான வடிவில் செல்லும். நெறி வகுத்துப் பத்தாண்டுக்கு மேலாகியும் பெரிதும் கவனிப்பாரின்றிக் கிடந்த இக்கருத்துக்கு உயிரூட்டியது கைப்பேசி. ஆயிரக்கணக்கான துபாஷிகளைச் சுமக்கக் கைப்பேசியில் இடமேது? 2010 நவம்பரில் ஆப்பிள் ‘ஏர்பிரிண்ட்’ என்னும் பெயரில் இந்நெறியைத் தழுவிய முறையை வெளியிட்டது. 2013 இல் கேனன், ஹியூலட் பேக்கர்ட், சாம்சங், ஜெராக்ஸ் ஆகிய நான்கும் சேர்ந்து ‘மோப்ரியா’ என்னும் கூட்டமைப்பை நிறுவின. அதன்பின் வந்த பொறிகளுள் பெரும்பாலானவை, துபாஷி இன்றியே பேச வல்லவை.

மைக்ரோசாப்ட் இவ்வழிக்கு வந்தது அச்சத்தால். அச்சு வேலைகளை வரிசையில் நிறுத்தும் ‘ஸ்பூலர்’ என்னும் பகுதி விண்டோஸில் நெடுங்காலமாய் உண்டு. நூல்கண்டு என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். 2010 இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் நச்சு நிரல் பரவுவதற்குப் பயன்படுத்திய ஓட்டைகளுள் ஒன்று இங்கிருந்தது. 2021 ஜூலையில் இதே பகுதியில் இன்னொரு பெரும் ஓட்டை வெளியாகி, ‘அச்சுக் கொடுங்கனவு’ என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயரைப் பெற்றது. துபாஷி வேடத்தில் பகைவன் நுழையலாம் என்பது தெரிந்தது. மறுமாதமே, கணினி நிர்வாகியின் ஒப்புதலின்றிப் புதிய துபாஷி எவனும் அமர்த்தப்படலாகாது என்று மைக்ரோசாப்ட் விதித்தது. 2023 செப்டம்பரில், அயலார் எழுதும் அச்சு நிரல்களைத் தன் புதுப்பிப்புச் சேவை வழியே வழங்குவதைப் படிப்படியாக நிறுத்தப் போவதாக அறிவித்தது. 2024 இன் விண்டோஸ் 11 பதிப்பில், பொதுநெறி அறிந்த பொறிகளை மட்டுமே ஏற்கும் காப்பு முறை ஒன்றும் விருப்பத் தேர்வாக வைக்கப்பட்டுள்ளது.

தேர்வுத்தாளுக்குத் திரும்புவோம்

மேலே கண்ட வரலாற்றை அறிந்தவர்க்கு, அச்சு நின்ற காலையில் என்ன செய்வதென்பது தானே விளங்கும். முதலில் பொறியின் மாதிரி எண்ணை முழுமையாகக் குறித்துக்கொள்க. ஓரெழுத்து மாறினும் மொழி மாறும். பொறி வலையிணைப்பு உடையதாய், 2010களின் நடுவிலோ பின்னரோ செய்யப்பட்டதாய் இருப்பின், பொதுநெறியிலேயே சேர்த்துப் பார்க்கலாம்; தனித் துபாஷி வேண்டாம். அதற்கு முந்தியதாயின், செய்தவரின் தளத்தில் புதிய இயங்குதளத்திற்கும் 64 பிட்டிற்கும் உரிய நிரல் உண்டா என்று தேடுக.

புதியவனை அமர்த்துமுன் பழையவனை வெளியேற்ற வேண்டும். பட்டியலில் பொறியின் பெயரை நீக்கினால் மட்டும் போதாது. துபாஷி உள்ளேயே தங்கிவிடுவான். விண்டோஸில் ‘பிரிண்ட் சர்வர் பிராப்பர்டீஸ்’ என்னும் சாளரத்தைத் திறந்து, ‘டிரைவர்ஸ்’ பகுதியில் அவனை முற்றும் நீக்குதல் வேண்டும். வேலைகள் வரிசையில் சிக்கி நின்றால், ஸ்பூலர் சேவையை நிறுத்தி, அதன் கோப்புறையில் தேங்கியவற்றை அழித்து, மீண்டும் தொடங்குக. பக்கம் பக்கமாகக் குறிகள் கொட்டினால் முதல் வரியை உற்று நோக்குக. விழுக்காட்டுக் குறி, வியப்புக்குறி, அவற்றின்பின் ‘பி.எஸ்.’ என்னும் இரு ஆங்கில எழுத்துகள் தென்பட்டால், போஸ்ட்ஸ்கிரிப்ட் அறியாத பொறிக்கு அம்மொழி அனுப்பப்படுகிறது என்பது உறுதி. துபாஷியை மாற்றினால் தீர்ந்தது.

செய்தவர் கைவிட்ட பொறியாயினும், போஸ்ட்ஸ்கிரிப்டோ ஹியூலட் பேக்கர்டின் பி.சி.எல். மொழியோ அறிந்திருந்தால், அம்மொழிக்குரிய பொதுத் துபாஷி ஒருவனைக் கொண்டு பெரும்பாலும் ஓட்டிவிடலாம். மொழியறியா மலிவுப் பொறிக்குத்தான் வழி குறுகியது. அங்கும் ஒரு வழி உண்டு. ராஸ்பெரி பை போன்ற உள்ளங்கையளவுக் கணினியில் லினக்ஸும் கப்ஸும் நிறுவி, பழைய பொறியை அதனோடு இணைத்துப் பகிரலாம். ஆர்வலர்கள் அதற்குத் துபாஷி எழுதி வைத்திருத்தல் மட்டும் வேண்டும். கப்ஸ் அப்பொறியின் சார்பில் பொதுநெறியில் விடையிறுக்கும். பள்ளியின் விண்டோஸ் 11 கணினிக்கு, இருபது ஆண்டுப் பழமையுடைய அச்சுப்பொறி, நேற்று வாங்கிய பொறியைப் போலவே பட்டியலில் தோன்றும்.